மணவறையும் மண்டையோடும்

ஆங்கில நாவல்களில் கோதிக் என்று ஒரு வகை உண்டு. பாழடைந்த கோட்டை, சுரங்க வழி, நள்ளிரவு மணியோசை, யாரும் தொடாமலே திறந்துகொள்ளும் கதவு, வெள்ளை உடுத்திக்கொண்டு மயக்கம் போட்டு விழும் பெண் ஆகிய சாமான்களை வைத்துக்கொண்டு எழுதுகிற கதைகள். தமிழில் நாவல் படிக்கும் பழக்கத்தை வளர்த்ததில் இவற்றின் தூரத்து உறவினர்களுக்கும் பங்கு உண்டு. ரெயினால்ட்ஸ் என்ற ஆங்கிலேயரின் மர்மக் கதைகளை ஆரணி குப்புசாமி முதலியார் நம் ஊருக்குத் தக்கபடி தழுவி எழுதினார். ஒரு தலைமுறை சாப்பாட்டை மறந்து படித்தது. விமர்சகர்கள் இந்த வகையை இலக்கியம் என்று ஒப்புக்கொள்ளக் கூச்சப்படுவார்கள். எனக்கு அந்தக் கூச்சம் கிடையாது. மோசமான புத்தகத்துக்குள்ளும் ஒரு நல்ல பயம் ஒளிந்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

இவற்றுக்கெல்லாம் மூதாதை ‘ஒட்ரான்டோ கோட்டை’ என்ற நாவல். 1764 டிசம்பரில் லண்டனில் வெளியாயிற்று. எழுதியவர் ஹொரேஸ் வால்போல். இங்கிலாந்தின் பிரதம மந்திரியாக இருந்தவரின் பிள்ளை. முதல் பதிப்பில் தம் பெயரைப் போடவில்லை. பழைய கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றின் புத்தகசாலையில் அகப்பட்ட இத்தாலியப் பிரதியின் மொழிபெயர்ப்பு என்று புளுகியிருந்தார். ஜனங்களுக்குப் புத்தகம் பிடித்துவிட்டது என்று தெரிந்ததும் இரண்டாம் பதிப்பில் ‘நான்தான் எழுதினேன்’ என்று வெளியே வந்தார். தலைப்பின் கீழே ‘ஒரு கோதிக் கதை’ என்றும் சேர்த்துக்கொண்டார். பெயர் நிலைத்துவிட்டது.

கதை ஒரு கல்யாண நாளில் தொடங்குகிறது. மாப்பிள்ளை கான்ராட், பதினைந்து வயது நோஞ்சான். பெண் இஸபெல்லா. எல்லாரும் கூடிக் காத்திருக்கிறார்கள், மாப்பிள்ளையைக் காணோம். தேடிப் போனால் கோட்டை முற்றத்தில், ஆகாயத்திலிருந்து விழுந்த ராட்சதத் தலைக்கவசம் ஒன்று அவனை நசுக்கிப் போட்டிருக்கிறது. தகப்பன் மான்ஃப்ரெட் பிள்ளையைப் பறிகொடுத்ததற்காக அதிகம் அழவில்லை. கட்டின மனைவியைத் தள்ளிவிட்டு, பிள்ளைக்குப் பார்த்த பெண்ணைத் தானே கட்டிக்கொள்வது என்று கிளம்பிவிடுகிறான். காரணம் இதுதான்: கோட்டை அவனுக்கு நியாயமாகச் சேர வேண்டியது அல்ல. அவனுடைய பாட்டன், உண்மையான சொந்தக்காரனுக்கு விஷம் வைத்துச் சம்பாதித்தது. வாரிசு இல்லாமல் போனால் பாட்டன் சொத்து கை நழுவிவிடும்; பாட்டன் பாவமும் வெளியே வந்துவிடும்.

நாவல் என்ற முறையில் இது சுமார்தான். பாத்திரங்கள் எல்லாரும் பழைய நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்பதுபோலப் பேசுகிறார்கள். வேலைக்காரர்கள் செய்யும் ஹாஸ்யம் சகிக்கவில்லை. ஆனால் வால்போல் ஒரு விஷயத்தைப் பிடித்துவிட்டார். குடும்பத்தில் புதைத்து வைத்த சங்கதி எப்போது எழுந்து வரும்? சாவு வீட்டில் வராது. அங்கே எல்லாரும் அழுகிற சௌகரியத்தில் இருப்பார்கள். சொத்தும் ரத்தமும் பெயரும் கை மாறுகிற கல்யாணத்தன்றுதான் வரும். பின்னால் வந்தவர்களும் இதை விடவில்லை. மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ (1818) கதையில் பூதம் பழி தீர்ப்பது தன்னைப் படைத்தவனின் கல்யாண ராத்திரியில். ‘ஜேன் அய’ரில் (1847) மாதா கோயிலில் சடங்கு நடந்துகொண்டிருக்கும்போதே, மாப்பிள்ளைக்கு முன்பே ஒரு மனைவி இருக்கிறாள் என்று ஒரு வக்கீல் வந்து தடுக்கிறார். டிக்கன்ஸின் மிஸ் ஹாவிஷாம், கல்யாணம் நின்றுபோன அன்று உடுத்திய உடுப்பைக் கழற்றாமலே கிழவியாகிறாள். கேக்கு மேஜைமேல் சிலந்தி வலையோடு உட்கார்ந்திருக்கிறது.

இந்தப் புத்தகங்களை நான் இப்போது தூசி தட்டி எடுக்கும்படி ஆனதற்கு ஒரு கல்யாணம் காரணம். பெண் என் பழைய சிநேகிதர் ஒருவரின் மகள். மானாமதுரைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். பையன் மேலூர்ப் பக்கம். பதினெட்டாம்படிக் கருப்பைக் குலதெய்வமாகக் கும்பிடுகிறவர்கள். இருவரும் மதுரையில் ஒரே கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவர்கள். கோதிக் நாவல்கள்தாம் தங்களைச் சேர்த்து வைத்தன என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஆகவே கல்யாண வரவேற்பையும் அந்தப் பாணியிலேயே, தங்கள் இரண்டு குடும்பங்களின் பரம்பரையும் தெரியும்படியாக நடத்துவது என்று தீர்மானித்திருந்தார்கள். சிநேகிதருக்குத் தூக்கம் போய்விட்டது. “நீதானப்பா நாவல் எழுதுறவன்! உங்க ஆளுங்க எழுதி வச்சதைப் படிச்சுத்தான் இந்தக் கூத்து. நீயே வந்து சொல்லு” என்று என்னை இழுத்துக்கொண்டு போனார்.

பந்தல்காரர் போட்டுக் கொடுத்திருந்த படத்தைக் காட்டினார்கள். சுற்றுச் சாலையில் ஒரு மண்டபம். வாசலில் பதினெட்டு அடி உயரத்துக்குக் கூர்வளைவு. தெர்மாகோலில் வெட்டிக் கல் நிறம் அடிப்பது. மேடைக்குப் பின்னால் இடிந்த கோட்டைச் சுவர், அதன்மேல் துணியில் செய்த காக்கைகள். பஞ்சைப் பிய்த்து விட்ட சிலந்தி வலை. மின்சார மெழுகுவர்த்தி முந்நூறு. சந்தனக் கிண்ணமும் கல்கண்டுத் தட்டும் வைக்கிற மேஜையில் பிளாஸ்டர் மண்டையோடுகள் இரண்டு. பெண்ணுக்கு வெள்ளி ஜரிகை போட்ட கறுப்புப் பட்டு. பரம்பரை எங்கே என்று கேட்டேன். கோட்டைச் சுவரில் இரண்டு வீட்டுத் தாத்தா பாட்டிகளின் படங்களைப் பழுப்பு நிறத்தில் பெரிதாக்கி மாட்டப் போவதாகச் சொன்னாள் பெண். 65,000 ரூபாய் முன்பணம் கொடுத்தாகிவிட்டது.

பந்தல்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். வால்போலும் ஏறக்குறைய இந்தக் காரியத்தைத்தான் செய்தார். தேம்ஸ் நதியோரத்தில் ஸ்டிராபெரி ஹில் என்ற தம் வீட்டை 1749 முதல் கொஞ்சம் கொஞ்சமாகக் கோதிக் அரண்மனையாக மாற்றினார். அதன் நீண்ட கூடத்து விதானம், வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் ஏழாம் ஹென்றி கட்டிய கோயிலின் கல் விதானத்தைப் பார்த்துச் செய்தது. ஆனால் கல் இல்லை, காகிதக் கூழ். மாடிப்படிச் சுவரில் கல் வேலைப்பாடு மாதிரித் தெரிவது அச்சடித்த காகிதம். நம் நவராத்திரிக் கொலுப் பொம்மை செய்கிற சரக்கில் ஒரு பிரபு வீடு கட்டிக் குடியிருந்தார். அந்தக் காகித வீட்டில் படுத்திருந்தபோது கண்ட கனவிலிருந்துதான் ‘ஒட்ரான்டோ’ பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். எனவே போலி ஜோடனையிலிருந்து எதுவும் பிறக்காது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. பந்தல்காரருக்கு அப்படிக் கனவு எதுவும் வந்ததாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இந்த விளையாட்டெல்லாம் எதற்கு என்று கேட்டதற்கு, அதுவரை பேசாமல் இருந்த பையன் சொன்ன பதில் என்னைக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வைத்தது.

“விளையாட்டுன்னு நினைக்காதீங்க சார். நாலு வருஷமா ரெண்டு வீட்டுலயும் அழுகை. எங்க பெரியப்பா கருப்பு கோயில் கதவுக்கு முன்னாடி நின்னு, இந்தக் கல்யாணத்துல கை நனைக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டாரு. இவங்க வீட்டுல ஆறு மாசம் இவளை வெளியில விடலை. இதெல்லாம் நடந்த பிறகு, பூவும் சிரிப்புமா ஒரு மேடை போட்டு, எல்லாம் சந்தோஷமாவே நடந்த மாதிரி நிக்கச் சொல்றீங்களா?”

இது ஓர் இலக்கிய வாதம், நல்ல வாதம். நம் கல்யாண மேடைகள் பொய் சொல்லுகின்றன என்கிறான். எந்த மண்டபத்துக்குப் போனாலும் ஒரே ரோஜா வளைவு, ஒரே சிம்மாசனம், ஒரே புன்னகை. அந்தப் புன்னகைக்குப் பின்னால் அடகு வைத்த நிலமும், முறைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பங்காளியும் உண்டு என்பது வந்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். பயத்தையும் மேடையில் ஏற்ற வேண்டும் என்று இந்தப் பிள்ளைகள் ஆசைப்பட்டிருக்கிறார்கள். ஆசை சரி. பயத்தைக் காட்ட எடுத்துக்கொண்ட சாமான்தான் தப்பு. துணிக் காக்கையைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? குழந்தைகள் அதைப் பிடுங்கி விளையாடுவார்கள். இந்த நாட்டில் கலந்து கல்யாணம் செய்துகொள்கிறவர்களின் பயம் வேறு ஜாதி. 2016-ஆம் வருஷம் மார்ச் 13-ஆம் தேதி உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஜாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட ஓர் இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். பக்கத்தில் நின்ற மனைவிக்கும் வெட்டு விழுந்தது. ஆகாயத்திலிருந்து தலைக்கவசம் விழுவதற்கு வால்போல் மந்திரத்தைக் கூப்பிட வேண்டியிருந்தது. இங்கே அரிவாள் மோட்டார் சைக்கிளில் வருகிறது. பாட்டன் காலத்துப் பெருமைக்காகப் பேரனைச் சாகக் கொடுக்கும் மான்ஃப்ரெட்டுகள் நம் சமவெளியில் இன்னும் இருக்கிறார்கள். இந்த இரண்டு குடும்பங்கள் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனாலும் பெண்ணின் தகப்பனாருக்குத் தூக்கம் போனது மண்டையோட்டினால் மட்டும் அல்ல என்பதை நான் அவர் முகத்தில் பார்த்தேன்.

இனி பரம்பரை விஷயம். பெண்ணின் பாட்டி மூலையில் உட்கார்ந்து ஜபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். தெர்மாகோல் வளைவின் படத்தை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “இது நம்ம எடக்காட்டூர் கோயில் ஜன்னலாட்டம்ல இருக்கு?” என்றாள்.

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சாலையில் போய்ப் பிரிந்தால், சுமார் 36 கிலோமீட்டரில், வைகைக் கரைச் சமவெளியில் இருக்கிறது இடைக்காட்டூர். பனையும் கருவேலும் வயலுமாக இருக்கிற அந்தக் கிராமத்தின் நடுவில் பிரெஞ்சு நாட்டுக் கோதிக் கோயில் ஒன்று நிற்கிறது. பெர்டினான்ட் செல் என்ற சேசு சபைப் பாதிரியார் 1894-இல் கட்டிய திரு இருதய ஆலயம். பிரான்சில் அரசர்கள் முடி சூட்டிக்கொண்ட ரீம்ஸ் தேவாலயத்தைப் பார்த்து அமைத்தது. ரீம்ஸ் நகரத்தில் மரி ஆன் என்ற பெண் தன் நோய் குணமானதற்கு நன்றியாகக் கொடுத்த பணத்தில் வேலை ஆரம்பமானதாகக் கோயில் வரலாறு சொல்லுகிறது.

கோதிக் கட்டடத்தின் சூட்சுமம் அந்தக் கூர்வளைவில் இருக்கிறது. அரைவட்ட வளைவு பாரத்தைப் பக்கவாட்டில் அதிகமாகத் தள்ளும். அதைத் தாங்கச் சுவர் கனமாக இருக்க வேண்டும். கூர்வளைவு பாரத்தைக் கீழ்நோக்கி இறக்கித் தூணில் சேர்த்துவிடுகிறது. சுவருக்கு வேலை குறைகிறது. ஆகவே சுவரைத் திறந்து வண்ணக் கண்ணாடி போடலாம். ஐரோப்பாவில் இதைக் கல்லில் செதுக்கினார்கள். இடைக்காட்டூரில் செதுக்கு கல்லுக்கு எங்கே போவது? செங்கல்லில் செய்தார்கள். ஒவ்வொரு வளைவுக்கும் விளிம்புக்கும் பூ வேலைக்கும் தனித்தனி அச்சு. ஏறத்தாழ 200 விதமான அச்சுகளில் வார்த்துச் சுட்டு, சுண்ணாம்புக் காரையில் பதித்தார்கள். உள்ளே 153 சம்மனசுகளின் உருவங்கள் இருப்பதாகச் சொல்லுவார்கள். நான் பாதி எண்ணியதும் கழுத்து வலித்து விட்டுவிட்டேன். 1914 செப்டம்பரில் ஜெர்மானியப் பீரங்கி ரீம்ஸ் தேவாலயத்தைச் சுட்டபோது அதன் மரக் கூரை எரிந்து போயிற்று. அதைப் பழுது பார்த்துத் திரும்பத் திறக்க 1938 வரை ஆயிற்று. அத்தனை வருஷமும் வைகைக்கரை நகல் வெயிலில் பத்திரமாக நின்றுகொண்டிருந்தது.

பாட்டியின் பேச்சில்தான் எனக்கு வேண்டியது கிடைத்தது. அவளுடைய தாத்தா அந்தக் கோயில் கட்டுகிற காலத்தில் சிறுவனாக மண் மிதித்தாராம். கூலிக்குப் பதில் சில நாள் தானியம் கொடுத்தார்களாம். குடும்பத்தில் வழிவழியாக வருகிற பேச்சு. பத்திரம் எதுவும் இல்லை. ஆனால் பேத்தி இதைக் கேட்டதே இல்லை! இங்கிலாந்தில் யாரோ ஒரு சீமானின் காகிதக் கோட்டையைப் பற்றிப் பரீட்சைக்குப் படித்து முதல் வகுப்பில் தேறியவள், தன் பாட்டியின் தாத்தா மிதித்த மண் கூர்வளைவாக நிற்கிறது என்பதைத் தெர்மாகோல் படத்தின் தயவால் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். கடன் வாங்கின உருவம் எப்போது சொந்தமாகிறது என்ற கேள்வியை எங்கள் தொழிலில் அடிக்கடி கேட்பார்கள். நாவலே நமக்குக் கடன் வாங்கின உருவந்தானே. நம் மண்ணைப் போட்டு, நம் ஆள் மிதித்து, அதன்மேல் உண்மையான பாரத்தை ஏற்றி, அது தாங்கிவிட்டால் சொந்தம் என்று நான் நினைக்கிறேன். சுற்றுச் சாலை மண்டபத்து வளைவு எந்தப் பாரத்தையும் தாங்கவில்லை. பின்னால் இரண்டு சவுக்குக் கம்பம் அதைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

வீட்டில் உண்மையான சண்டை தாலியைப் பற்றியது என்பது காபி வந்த பிறகு தெரிந்தது. காலையில் கோயிலில் மந்திரித்துக் கட்டும் தாலியில் சிலுவை இருக்க வேண்டும் என்பது பெண் வீடு. தங்கள் வம்சத்துத் தாலியின் வடிவம் மாறக்கூடாது என்பது பையன் வீடு. கிறிஸ்தவரல்லாத மாப்பிள்ளையைக் கோயிலில் வைத்து மணக்க ஆயரிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது. கோயிலில் ஓலை வாசித்தாகிவிட்டது. இந்தக் குன்றிமணியளவு தங்கத்தில் வந்து எல்லாம் முட்டிக்கொண்டு நிற்கிறது. சிரிக்க வேண்டாம். இதே சண்டையை ரோமாபுரி வரை கொண்டுபோன ஊர் மதுரை. 1606-இல் இங்கே வந்த ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தி, சந்தனம் இட்டு, இந்த மண்ணின் வழக்கங்களை விடாமலே கிறிஸ்தவராக இருக்கலாம் என்று வாதாடினார். நூறு வருஷம் கழித்து, போப்பாண்டவரின் பிரதிநிதியாக வந்த தூர்னோன் என்பவர் புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு 1704-இல் ஓர் உத்தரவு போட்டார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. நூற்றெட்டு இழையை மஞ்சளில் நனைத்த கயிறு கூடாது. கல்யாணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது. தாலி வேண்டுமானால் சிலுவையோ ஏசுவின் உருவமோ மாதாவின் உருவமோ போட்டுக்கொள்ளலாம் என்றார். மதுரைச் சீமைக்குள் அவர் கால் வைக்கவே இல்லை. இந்த விவகாரம் 1744-இல் போப்பாண்டவர் கடைசித் தீர்ப்புச் சொல்லும் வரை ஓயவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் தமிழ்க் கத்தோலிக்கப் பெண்ணின் கழுத்தில் தாலி இருக்கிறது என்பதுதான் அதிசயம். மோதிரம் போதும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. பரம்பரை என்பது இப்படிப்பட்ட வழக்குகளின் கட்டு. பழுப்பு நிறப் படத்தில் அது எப்படித் தெரியும்?

கறுப்புப் பட்டைப் பற்றி எல்லாரும் என்னிடம் தீர்ப்பு எதிர்பார்த்தார்கள். பாட்டிக்கு அது அபசகுனம். வெள்ளை ஒரு காலத்தில் நம் கண்ணுக்கு விதவைக் கோலமாக இருந்தது. அந்த வெள்ளையை உடுத்துக்கொண்டுதான் கிறிஸ்தவப் பெண் மணவறைக்குப் போகிறாள். அந்த வெள்ளைக்கும் வேதாகமத்தில் சட்டம் இல்லை. விக்டோரியா மகாராணி 1840-இல் வெள்ளை உடுத்திக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு பரவிய நாகரிகம் அது. கறுப்பு மட்டும் என்ன பாவம் செய்தது? தமிழ் முஸ்லிம் மணப்பெண்ணின் கழுத்தில் கட்டுவது கருகமணி. கர்ப்பிணிக்குச் சீமந்தத்தில் கறுப்புப் புடவை கட்டுகிற வீடுகள் உண்டு. மணப்பெண்ணின் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைக்காத தாய் யார்? நம்மிடம் கறுப்பு, கெட்டதை வாங்கிக்கொண்டு நல்லதைக் காக்கிற நிறம். கன்னத்தில் பொட்டாக இருந்தால் அது காவல். ஆறு கஜமும் கறுப்பாகிவிட்டால் எதை எதிலிருந்து காக்கிறது? ஓரம் மட்டும் கறுப்பாகப் போட்டு நெய்யச் சொல் என்றேன். இது ரஸனையைப் பற்றிய யோசனை. சாஸ்திரம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெரியப்பாவின் சத்தியந்தான் கடினமான இடம். அழகர்கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும்: பதினெட்டாம்படிக் கருப்பு என்று அங்கே சிலை கிடையாது. இருப்பது மூடிய கதவு. கோபுர வாசலின் இரண்டு பெரிய கதவுகளைச் சாத்தி, சந்தனம் பூசி, மாலை போட்டு, அந்தக் கதவையே தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். அழகரின் சக்தியைத் திருட வந்த மந்திரவாதிகள் பதினெட்டுப் பேரைக் கொன்று பதினெட்டுப் படிகளின் கீழே புதைத்திருப்பதாகக் கதை. வழக்கு வியாஜ்யங்களை அந்தப் படியில் வைத்துச் சத்தியம் பண்ணித் தீர்ப்பார்கள். பொய் சொன்னவனுக்குத் திரும்பிப் போக வீடு இருக்காது என்பது நம்பிக்கை. உலகத்துக் கோதிக் நாவலாசிரியர்கள் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்தாலும் இப்படி ஒரு கதவைக் கற்பனை செய்திருக்க மாட்டார்கள். அந்தக் கதவின் முன் நின்று வராதேன் என்று சொன்ன மனிதரை, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மண்டையோடு வைத்த வரவேற்புக்கு அழைப்பது அவரைக் கேலி செய்வதாகும். பையனுக்கு அது உறைத்தது.

வரமாட்டேன் என்ற மூத்தவரை என்ன செய்வது என்பதற்கு மதுரையில் ஏற்கெனவே ஓர் ஏற்பாடு இருக்கிறது. சித்திரைத் திருவிழாவை ஒரு கதையாக எடுத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு அண்ணன் அழகர் சீர் எடுத்துக்கொண்டு புறப்படுகிறார்; கிளம்பும்போது கருப்பசாமியிடம் விடைபெற்றுக்கொண்டுதான் கிளம்புகிறார். வைகையில் இறங்கும்போது, கல்யாணம் முடிந்துவிட்டது என்று தெரிகிறது. கோபித்துக்கொண்டு ஊருக்குள் நுழையாமல் வண்டியூர்ப் பக்கம் திரும்பிவிடுகிறார். கோயில் புராணம் மண்டூக முனிவரின் சாபத்தைத் தீர்க்க வருகிறார் என்று வேறு காரணம் சொல்லுகிறது. ஜனங்கள் தங்களுக்குப் புரிந்த காரணத்தை விடுவதாக இல்லை. தொ. பரமசிவன் ‘அழகர் கோயில்’ என்ற ஆராய்ச்சிப் புத்தகத்தில் இந்த விழாவை விரிவாக எழுதியிருக்கிறார். கோயிலுக்குள்ளே தாரை வார்த்துக் கொடுக்கத் திருப்பரங்குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் வந்துவிடுகிறார், சடங்கு நிற்பதில்லை. அன்றைக்கு மதுரைப் பெண்கள் தங்கள் தாலிக் கயிற்றை மாற்றிக் கட்டிக்கொள்கிறார்கள். கோபித்துக்கொண்ட அண்ணனையும் யாரும் ஒதுக்கவில்லை. லட்சக்கணக்கான ஜனங்கள் ஆற்றுக்கே போய் அவரை எதிர்கொள்கிறார்கள். வராதவருக்கு இடம் வைத்த கல்யாணம் இது. எனக்குத் தெரிந்து கதையமைப்பில் ஒட்ரான்டோவைவிட எவ்வளவோ முதிர்ச்சியானது.

நான் இப்படிப் பேசிக்கொண்டே போனதில் பெண்ணுக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்துவிட்டது. “அப்ப வெளியில இருந்து எதையும் எடுக்கவே கூடாதா மாமா? கிருஷ்ணகிரியில நடந்ததைப் படிச்சீங்களா?” என்றாள். படித்திருக்கிறேன். 2022 பிப்ரவரி 6-ஆம் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிவலிங்கபுரத்தில் ஓர் இளம் ஜோடி கல்யாணம் செய்துகொண்டது. கொரோனாக் கட்டுப்பாட்டினால் உறவினர் எல்லாரும் வர முடியவில்லை. வரவேற்பைக் கம்ப்யூட்டருக்குள் கட்டிய மாய உலகத்தில் நடத்தினார்கள். அங்கே மண்டபம், ஹாரி பாட்டர் கதையில் வருகிற ஹாக்வார்ட்ஸ் கோட்டை! தெர்மாகோல்கூட இல்லை, வெறும் வெளிச்சம். அந்தக் கோட்டையில், முந்தின வருஷம் காலமான பெண்ணின் தகப்பனாரையும் உருவம் செய்து நிறுத்தி, விருந்தினரை வரவேற்று ஆசீர்வாதம் பண்ணும்படி அமைத்திருந்தார்கள்.

பத்திரிகைகள் இதை விஞ்ஞான விந்தை என்று கொண்டாடின. எனக்கு அது ரொம்பப் பழைய காரியமாகப் பட்டது. பிராமணக் கல்யாணத்தில் நாந்தி என்று முன்னோர்களைக் கூப்பிடுகிறார்கள். மற்ற வீடுகளில் இறந்தவர்களுக்கு வேட்டி புடவை வைத்துப் படைத்துவிட்டுத்தான் பந்தக்கால் நடுகிறார்கள். செத்தவர் வராமல் தமிழ்க் கல்யாணம் நடந்தது எப்போது? ஸ்காட்லாந்து தேசத்துக் கற்பனைக் கோட்டைக்குள் அந்தப் பெண் தன் அப்பாவைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, அந்த அந்நிய வளைவின்மேல் ஒரு பாரம் ஏறியது. வளைவு தாங்கியது. ஆகவே பெண்ணின் கேள்வி நியாயந்தான்; வெளியிலிருந்து எடுக்கலாம். யாரை நிறுத்துவதற்காக அந்தக் கோட்டை என்பதை மட்டும் முதலில் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நான் அவர்கள் விவகாரத்தில் தலையிடவில்லை. கேள்விப்பட்டதைச் சொல்லுகிறேன். கோட்டைச் சுவரும் காக்கைகளும் போய்விட்டன. பந்தல்காரர் முன்பணத்தைத் திருப்பித் தர முடியாது என்றார். அதற்கு ஈடாக நிஜ மெழுகுவர்த்தியாகக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். அவற்றில் ஒரு பங்கைக் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், கல்லறைத் திருநாளில் ஏற்றுகிற மாதிரியே பெண் வீட்டுக் கல்லறைகளில் ஏற்றப் போகிறார்கள். பாட்டியின் தாத்தாவுக்குக் கல்லறை இருக்கிற இடம் தெரியவில்லை. இடைக்காட்டூர்க் கோயிலின் செங்கல் சுவர் ஓரமாக ஒன்று வைக்கலாம் என்று பாட்டியே சொல்லியிருக்கிறாள். தாலி ஒரு பக்கம் சிலுவையும் மறுபக்கம் பையன் வீட்டு வடிவமுமாகச் செய்ய ஓர் ஆசாரி ஒப்புக்கொண்டிருக்கிறார். இரண்டு வீட்டாருக்கும் அது முழுத் திருப்தி இல்லை. ஒரு மண்டையோட்டை மட்டும் விட மாட்டேன் என்று பெண் பிடிவாதமாக இருக்கிறாளாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

கல்யாணப் பத்திரிகையை மஞ்சள் தடவிக் கருப்பசாமியின் கதவின்மேல் சாத்தி எடுத்துக்கொண்டு பையன் பெரியப்பா வீட்டுக்குப் போயிருக்கிறான். அவர் அதைக் கையில் வாங்கவில்லை. திண்ணையில் வைத்துவிட்டுப் போ என்றாராம்.